விறைப்பு மாத்திரை பத்தில் ஏழு முறை ஜெயிக்கிறது. மீதி மூன்று முறை என்ன நடக்கிறது?

வயாகரா உண்மையிலேயே வேலை செய்யுமா என்ற கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1998 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இர்வின் கோல்ட்ஸ்டைன் குழுவினரின் ஆய்வு வெளியானது. அதில் 532 ஆண்களுக்கு ஆறு மாதம் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் மாத்திரையோ, பார்வைக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 25 மி.கி. சாப்பிட்டவர்களில் 56 சதவீதம் பேரும், 50 மி.கி. சாப்பிட்டவர்களில் 77 சதவீதம் பேரும், 100 மி.கி. சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேரும் விறைப்பு மேம்பட்டதாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரைக்கு 25 சதவீதம்.

இதைப் படித்ததும் 84 என்ற எண்தான் கண்ணில் படும். விளம்பரங்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் 'மேம்பட்டது' வேறு, 'உடலுறவுக்குப் போதுமான அளவு வந்தது' வேறு. அதே கட்டுரையின் இரண்டாம் பகுதியில் 329 பேரிடம், எத்தனை முறை முயன்றீர்கள், அதில் எத்தனை முறை நிறைவேறியது என்று கணக்கெடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் நிறைவேறியது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 22 சதவீதம். என்னைக் கேட்டால் நம்ப வேண்டிய எண் இதுதான். பின்னால் வந்த தடாலாஃபில் மாத்திரைக்கும் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது: 20 மி.கி. அளவில் நான்கில் மூன்று முயற்சிகள் நிறைவேறின, வெற்று மாத்திரைக்கு மூன்றில் ஒன்று.

அந்த 22 சதவீதத்தையும் லேசாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ஐந்தில் ஒரு முயற்சி ஜெயித்திருக்கிறது. 'டாக்டர் கொடுத்திருக்கிறார், இனி கவலையில்லை' என்ற நிம்மதி கொஞ்சம் வேலை செய்திருக்கும். இந்தக் குறைபாடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதும் ஒரு காரணம். எந்த லேகியத்தைச் சாப்பிட்டாலும் 'எனக்குக் கேட்டுச்சு' என்று சொல்ல நாலைந்து பேர் எப்போதும் கிடைப்பது இதனால்தான். ஒரு மருந்து உண்மையில் எவ்வளவு தருகிறது என்றால், வெற்று மாத்திரைக்கு மேலே எவ்வளவு தருகிறதோ அதுதான் அதன் பங்கு. சில்டெனாஃபிலுக்கு அந்த இடைவெளி நாற்பது சதவீதத்துக்கும் மேல். மருத்துவத்தில் இது பெரிய இடைவெளி.

இன்னொன்று. அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் வெளியே. நம் ஊரில் இந்த மாத்திரையைத் தேடுகிறவர்களில் கணிசமானவர்கள் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒரு வரியில் வந்து நிற்பார்கள்.

மாத்திரை விறைப்பை உண்டாக்குவதில்லை

பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இதுதான். மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடக்காது, ஏன் நடக்காது என்று தெரிந்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் புரிந்துவிடும்.

ஆசை எழும்போது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக ஆணுறுப்புக்கு நரம்புச் செய்தி வருகிறது. அங்கே நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது தசைச் செல்களுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைச் சுரக்கவைக்கிறது. இந்தப் பொருள் சேரச் சேரத் தசை தளர்கிறது, குழாய்கள் விரிகின்றன, இரண்டு பக்கமும் உள்ள பஞ்சு போன்ற திசுவுக்குள் ரத்தம் பாய்கிறது. நிரம்பிய திசு வெளியேறும் சிரைகளை அழுத்தி மூட, ரத்தம் உள்ளேயே நிற்கிறது. அதுதான் விறைப்பு. அப்புறம் பிடிஇ-5 என்ற நொதி அந்த சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, எல்லாம் பழையபடி தளர்ந்துவிடும்.

மாத்திரை கைவைப்பது கடைசியில் வரும் இந்த நொதி மேல் மட்டும்தான். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் கொட்டுகிறது, கீழே வடிகால் இழுக்கிறது. மாத்திரை வடிகாலை அடைக்கிறது, அவ்வளவுதான். குழாய் மெதுவாகச் சொட்டினாலும் தொட்டி நிறைந்துவிடும். குழாயே திறக்கவில்லை என்றால் வடிகாலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் தொட்டி காய்ந்துதான் கிடக்கும்.

ஆகவே இந்த மாத்திரை ஆசையைத் தூண்டாது. ஆசையோ தொடுதலோ இல்லாமல் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. உறுப்பைப் பெரிதாக்காது. விந்து முந்திக்கொள்ளும் பிரச்சினைக்கு இது மருந்து அல்ல. குழாய் ஓரளவு திறக்கிறவருக்கு நன்றாகக் கேட்கும். நரம்பு அறுந்தவருக்கும் ரத்தக்குழாய் சுவர் கெட்டவருக்கும் அந்த அளவுக்குக் கேட்காது.

இந்த மருந்தின் பிறப்புக் கதை பலமுறை சொல்லப்பட்டது, சுருக்கமாகவே போகலாம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்ற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வகத்தில், நெஞ்சுவலிக்காக உருவாக்கப்பட்டது யுகே-92,480 என்ற எண்ணிட்ட பொருள். நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன 'பக்க விளைவு' அதன் தலையெழுத்தை மாற்றியது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நைட்ரிக் ஆக்ஸைடு உடலில் செய்தி சொல்லும் பொருள் என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டு அக்டோபரில்தான்.

எதைச் சாப்பிடுவது என்பதை விட எப்படிச் சாப்பிடுவது

இப்போது இந்த வகையில் நான்கு மாத்திரைகள் பரவலாகப் பேசப்படுகின்றன: சில்டெனாஃபில், வார்டெனாஃபில், தடாலாஃபில், அவனாஃபில். பலனில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் நேரக் கணக்கில்தான். சில்டெனாஃபில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். அவனாஃபில் பதினைந்து, இருபது நிமிடத்திலேயே தொடங்கக்கூடியது. தடாலாஃபில் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பதினேழரை மணி நேரம் ஆகும் என்பதால் 36 மணி நேரம் வரை பலன் நீடிக்கும். வெள்ளி இரவு போட்டால் ஞாயிறு காலை வரை கைகொடுக்கும் என்பதால் மேல்நாட்டில் வார இறுதி மாத்திரை என்று பெயர் வாங்கியது. அதையே 5 மி.கி. அளவில் தினமும் ஒன்றாகவும் சாப்பிடலாம். கடிகாரம் பார்த்துத் தாம்பத்தியம் நடத்த விரும்பாதவர்களுக்கு இது தோது. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறவர்களுக்கும் இதே 5 மி.கி. உதவும் என்பதால், ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு ஒரே மாத்திரையில் இரண்டு வேலை முடிகிறது.

'மாத்திரை கேட்கவில்லை' என்று திரும்பி வருகிறவர்களிடம் அனுபவமுள்ள மருத்துவர் உடனே மருந்தை மாற்ற மாட்டார், முதலில் விசாரிப்பார். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"எப்போ போட்டீங்க?"

"நைட் சாப்பிட்டு வந்து போட்டேன் சார்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"அன்னிக்கு மட்டன் பிரியாணி."

"எத்தனை தடவை முயற்சி பண்ணீங்க?"

"ஒரு தடவைதான் சார். கேக்கலைன்னு விட்டுட்டேன்."

இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் சில்டெனாஃபில் ரத்தத்தில் உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம் கூடுதலாகும், அந்த உச்சமும் 29 சதவீதம் குறைந்துவிடும். அதாவது நூறு போட்டவர் எழுபது போட்ட மாதிரி, அதுவும் தூக்கம் வரும் நேரத்தில். வெறும் வயிற்றிலோ லேசான உணவுக்குப் பிறகோ போட வேண்டும். தடாலாஃபிலுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, இட்லியா பிரியாணியா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாவது கோளாறு ஒரே முயற்சியில் முடிவுக்கு வந்தது. முதல் முறை என்பது பரீட்சை எழுதுகிற மனநிலை. வருமா, வராதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். அட்ரினலின் அந்தத் தசையை இறுக்கும், மாத்திரை அதே தசையைத் தளர்த்தப் பார்க்கும். சரியான அளவில், வேறு வேறு நாட்களில் ஆறேழு முறையாவது முயன்ற பிறகே ஒரு மாத்திரை பயன் தரவில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். 25 மி.கி.யோடு நின்றுவிட்டவர்கள், போட்டவுடனே அவசரப்பட்டவர்கள், போதையில் முயன்றவர்கள் எல்லாரையும் 'கேட்காதவர்கள்' கணக்கில் எழுதிவிட்டால் அது மருந்துக்குச் செய்யும் அநியாயம். முறையாகச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தாலே இவர்களில் கணிசமான பேருக்கு அதே மாத்திரை கேட்டுவிடுகிறது.

உண்மையிலேயே கேட்காதவர்கள்

சரி, எல்லாம் முறையாகச் செய்தும் கேட்காதவர்கள் யார்?

முதலில் சர்க்கரை. 1999-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சர்க்கரை நோயுள்ள 268 ஆண்களில் சில்டெனாஃபில் சாப்பிட்டவர்கள் 56 சதவீதம் பேர் விறைப்பு மேம்பட்டதாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரைக்கு 10 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொதுவான ஆண்களுக்குக் கிடைத்த பலனை விட 56 குறைவு, உண்மைதான். ஆனால் வெற்று மாத்திரையின் பலன் இங்கே 25-லிருந்து 10-க்கு இறங்கியிருக்கிறது. மனசு சரியானால் சரியாகிவிடும் என்கிற வாய்ப்பு சர்க்கரைக்காரருக்குக் குறைவு. அவருக்குப் பழுது நரம்பிலும் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. பல வருடம் உயர்ந்து நின்ற சர்க்கரை நரம்பு முனைகளை அரிக்கிறது, நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கும் உள்சுவரைக் கெடுக்கிறது. தொட்டிக்கு வரும் குழாயே துருப்பிடித்துப் போகிறது. இந்த அளவு பழுதிலும் பாதிப் பேருக்கு மேல் பலன் கிடைப்பதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்வேன்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருப்பதாக உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அது மற்றவர்களை விடப் பத்து, பதினைந்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆனாலும் நம் ஊர் சர்க்கரை கிளினிக்குகளில் காலைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள், இதை மட்டும் கேட்பது அபூர்வம். கேட்கிற டாக்டருக்கும் கூச்சம், சொல்ல வேண்டியவருக்கும் கூச்சம். பல சமயம் மனைவி பக்கத்து நாற்காலியில் இருப்பார், இல்லாவிட்டால் மகன் கூட வந்திருப்பான்.

அடுத்தது புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டவர்கள். விறைப்புக்கான நரம்புகள் அந்தச் சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டு பக்க நரம்பையும் காப்பாற்ற முடிந்தவர்களுக்கு, கொஞ்ச காலம் கழித்து மாத்திரை ஓரளவு கைகொடுக்கும். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டவருக்கு மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. குழாயைத் திறக்க ஆளே இல்லை. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே, நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கம் இளைஞர்கள். இருபத்தைந்து வயது, புதுக் கல்யாணம், முதல் வாரம் சரியாக அமையவில்லை, உடனே பீதி. இவர்களுக்குப் பெரும்பாலும் விடியற்காலையில் தானாக விறைப்பு வரும். தூக்கத்தில் எல்லா ஆரோக்கியமான ஆண்களுக்கும் இரவில் மூன்று முதல் ஐந்து முறை அப்படி நடக்கிறது. அது நடந்தால் நரம்பு, குழாய், ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது, தடங்கல் பதற்றத்தில்தான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இவர்களுக்கு மாத்திரை நன்றாகவே கேட்கும். சில வாரம் சாப்பிட்டு நம்பிக்கை வந்ததும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 'இது இல்லாமல் முடியாது' என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைகிறவர்களும் உண்டு. இந்த மாத்திரை உடம்பை அடிமைப்படுத்துவதில்லை, ஆனால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த வயதுக்காரர்களுக்கு மருந்தோடு பாலியல் ஆலோசனையும் சேர்ந்தால் பலன் அதிகம்.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவானவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரையோடு ஹார்மோனும் சேர்த்தால் பலன் கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 2012-ல் வெளியான ஒரு சோதனையில், ஹார்மோன் குறைந்த 140 பேருக்கு முதலில் சில்டெனாஃபிலைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் சேர்த்தார்கள். விறைப்பில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆசையே குறைந்து போனவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனை அவசியம்தான், ஆனால் எல்லாருக்கும் ஊசி போட அது காரணம் ஆகாது.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

பக்க விளைவுகளில் பெரும்பாலானவை சில்லறைத் தொந்தரவுகள். சில்டெனாஃபில் சாப்பிட்டவர்களில் ஆறில் ஒருவருக்குத் தலைவலி, பத்தில் ஒருவருக்கு முகம் சிவந்து சூடாவது, சிலருக்கு நெஞ்செரிச்சல், மூக்கடைப்பு. குழாய் விரியும் வேலை உடம்பில் மற்ற இடங்களிலும் கொஞ்சம் நடப்பதால் வருபவை இவை. சிலருக்குப் பார்வையில் லேசான நீல நிறம் தட்டும், விழித்திரையில் உள்ள அதே குடும்பத்து நொதி ஒன்றையும் மருந்து தொட்டுவிடுவதுதான் காரணம். தடாலாஃபில் சிலருக்கு முதுகுவலி தரும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காமல் நின்றாலோ, திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ, காது கேட்காமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இவை மிக அரிது.

அரிது என்று சொல்ல முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் வீட்டில் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் வைத்திருப்பார்கள். அது நைட்ரேட் வகை, உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்ஸைடாக மாறும். தொட்டிக் கணக்கில் பார்த்தால் நைட்ரேட் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறது, இந்த மாத்திரை வடிகாலை அடைத்து வைத்திருக்கிறது. உடம்பு முழுவதும் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து ரத்த அழுத்தம் தடாலென்று சரியும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கும், தடாலாஃபில் சாப்பிட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தொடக் கூடாது. தினசரி நைட்ரேட் சாப்பிடுகிறவர் இந்த மாத்திரைப் பக்கமே போகக் கூடாது. நிகோராண்டில் என்ற நெஞ்சுவலி மாத்திரைக்கும் இதே விதி. இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சுவலி வந்து 108 ஆம்புலன்ஸில் ஏறினால், வெட்கப்படாமல் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இதுதான். மனைவிக்கும் தெரிந்திருப்பது நல்லது. கணவருக்குப் பேச முடியாத நிலை வந்தால் சொல்லப்போவது அவர்தானே.

புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளோடு சேர்த்தாலும் தலைசுற்றல் வரலாம், டாக்டர் அளவைக் குறைத்துத் தொடங்குவார். படர்தாமரைக்காக இப்போது வாரக்கணக்கில் கொடுக்கப்படும் இட்ராகோனசோல், சில்டெனாஃபிலை ஈரல் கரைப்பதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றும். தோல் மாத்திரைதானே என்று யாரும் சொல்ல மாட்டார்கள், டாக்டரும் கேட்க மாட்டார்.

நைட்ரேட் சாப்பிடாத, நிலையான இதய நோயாளி என்றால் மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அங்கே கேள்வி இதயம் அந்த உழைப்பைத் தாங்குமா என்பதுதான். மூச்சு வாங்காமல், நெஞ்சு பிடிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று மருத்துவர்கள் கேட்பது அதற்குத்தான்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து உள்சுவர் கெடும்போது சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி தலைகாட்டுவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு வந்துவிடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாற்பத்தைந்து வயதில் இந்தப் பிரச்சினையோடு வருகிறவருக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது அரைகுறை வைத்தியம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிகரெட் பற்றிக் கேட்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பும் லாட்ஜும்

இந்தியாவில் இந்த மருந்து வந்த விதமே தனி. 2005 வரை நம் காப்புரிமைச் சட்டம் மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்பு கொடுத்தது, மருந்துக்கு அல்ல. அதனால் 2001 வாக்கிலேயே உள்நாட்டு நிறுவனங்கள் பெனக்ரா, கேவெர்ட்டா போன்ற பெயர்களில் சில்டெனாஃபிலை இறக்கிவிட்டன. அமெரிக்காவில் ஒரு மாத்திரை சுமார் பத்து டாலருக்கு விற்றபோது இங்கே அதில் சிறு பங்கு விலைதான். அசல் வயாகராவே அதற்குப் பிறகுதான் இங்கே கடைக்கு வந்தது. மலிவு நல்லதுதான், ஆனால் அதோடு டாக்டர் இல்லாமல் வாங்கும் பழக்கமும் வந்துவிட்டது. சட்டப்படி இது சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. நடப்பது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். கடையில் கூட்டம் குறையும் வரை இருமல் மருந்து வாங்க வந்தவர் மாதிரி நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில் 'அண்ணே, அந்த நூறு இருக்கா?' என்று கேட்டால் காக்கிக் கவரில் மடித்துக் கைக்கு வந்துவிடும். சார்பிட்ரேட் சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. பிரிட்டன் 2018-லிருந்து சீட்டு இல்லாமலே 50 மி.கி. சில்டெனாஃபிலை விற்க அனுமதிக்கிறது. ஆனால் அங்கே மருந்தாளுநர் இதயம், ரத்த அழுத்தம், மற்ற மாத்திரைகள் பற்றி விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். சீட்டை விட அந்த விசாரணைக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

இதை விட ஆபத்தான வழி ஒன்று உண்டு. பேருந்து நிலையச் சுவர்களிலும் உள்ளூர் கேபிள் டிவியிலும் நாம் பார்த்து வளர்ந்த விளம்பரம் அது. நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இளமையில் செய்த தவறு, மாதத்தில் இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் சந்திப்பார். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். சட்டம் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். 'மூலிகை மட்டும்தான்' என்று விற்கப்படும் பொடியும் மாத்திரையும் சில சமயம் உண்மையிலேயே அரை மணியில் வேலை செய்துவிடும். உள்ளே சில்டெனாஃபில் கலந்திருப்பதால்தான் அது. அமெரிக்க மருந்து நிர்வாகம் இப்படிக் கலந்து பிடிபட்ட 'இயற்கைப்' பொருட்களின் பட்டியலை ஆண்டுதோறும் நீட்டிக்கொண்டே போகிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. சார்பிட்ரேட் சாப்பிடும் பெரியவர் மாத்திரை வேண்டாம் என்று பயந்துதான் மூலிகைக்குப் போகிறார், அங்கேயும் அதே மாத்திரைதான் காத்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2008-ல் நடந்தது இன்னும் மோசம். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத ஏறத்தாழ 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏழு பேர் நினைவிழந்து கிடந்தார்கள், நான்கு பேர் இறந்துபோனார்கள். விசாரித்தபோது காரணம் வெளியே வந்தது. கள்ளச் சந்தையில் வாங்கிய வீரிய மாத்திரைகளிலும் போலி சியாலிஸ் (தடாலாஃபிலின் வணிகப் பெயர்) மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை பெருமளவில் கலந்திருந்தது. வெளியே சொல்லக் கூசி, சாப்பிட்டதை ஒப்புக்கொள்ளாதவர்களே அவர்களில் அதிகம்.

மாத்திரையோடு இன்னும் என்ன

மாத்திரை பலன் தந்தவர்கள்கூட எல்லாரும் அதைத் தொடர்வதில்லை. ஓராண்டுக்குள் கிட்டத்தட்ட பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள் என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, செலவு, பக்க விளைவு, துணைக்கு விருப்பமில்லை, திட்டமிட்டுச் செய்வதில் சலிப்பு என்று காரணங்கள் பல. பத்து வருடமாகப் பேச்சே இல்லாமல் போன படுக்கையறையில் ஒருநாள் திடீரென்று மாத்திரையோடு நுழைந்தால் எதிரில் இருப்பவர் மகிழ்ச்சியடைவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதை எந்த மருந்துச் சோதனையும் சரியாக அளந்ததில்லை.

குழாயைப் பழுதுபார்க்கும் வேலையை மாத்திரை செய்யாது. அதை உடம்பைக் கவனித்துத்தான் செய்ய வேண்டும். 2004-ல் இத்தாலியில் விறைப்புக் குறைபாடு உள்ள, உடல் பருமனான 110 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடை குறைக்கவும் நடக்கவும் விரிவாகக் கற்றுக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள், மற்றதற்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டு ஆண்டு கழித்து முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்கு மாத்திரை இல்லாமலே இயல்பு நிலை திரும்பியிருந்தது. இன்னொரு குழுவில் 3 பேர். பலன் மூன்றில் ஒருவருக்குத்தான், அதுவும் இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு. மாத்திரைக்கு முன்னால் இது மந்தமாகத் தெரியலாம். ஆனால் இந்த 17 பேருடைய இதயத் தமனிகளுக்கும் அதே நன்மைதான் நடந்திருக்கும்.

மாத்திரை முற்றிலும் கைவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. உறுப்பின் மேல் உருளையை வைத்துக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில் வளையம் போட்டு நிறுத்தும் வெற்றிடக் கருவி இருக்கிறது. உறுப்பிலேயே மெல்லிய ஊசியால் போட்டுக்கொள்ளும் மருந்தும் இருக்கிறது. இது நரம்புச் செய்திக்குக் காத்திராமல் தசையை நேரடியாகத் தளர்த்துவதால், மாத்திரை தோற்ற பலருக்குக் கேட்கும். இந்த ஊசி வைத்தியம் பிரபலமானதில் பிரிட்டிஷ் விஞ்ஞானி கைல்ஸ் பிரிண்ட்லிக்குப் பெரிய பங்கு உண்டு. 1983-ல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரியல் மருத்துவர்கள் மாநாட்டில், அறையிலேயே தனக்கு ஊசி போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, பேச்சின் நடுவே கால்சட்டையை இறக்கிக் காட்டிவிட்டார். சபையில் மருத்துவர்களின் மனைவிமாரும் இருந்தார்கள். அந்த அதிர்ச்சியை இன்றுவரை சிறுநீரியல் வட்டாரத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அன்றைய கேள்வி, மருந்தால் மட்டும் விறைப்பை வரவைக்க முடியுமா என்பது. அதற்கு யாரும் மறுக்க முடியாத பதிலாக அது அமைந்தது.

கடைசியாக, உறுப்புக்குள் பொருத்தும் செயற்கைக் குழல். காற்றடைப்பது போல உப்புநீரை நிரப்பி எழுப்பவும் இறக்கவும் கூடிய வகை 1973-லிருந்து இருக்கிறது. பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. செலவு லட்சங்களில் போகும். பஞ்சுத் திசு இருந்த இடத்தில் குழல் வந்து உட்காருவதால், ஒரு முறை பொருத்தியவருக்கு மாத்திரையாலோ ஊசியாலோ இயற்கையான விறைப்பு திரும்பாது. அதனால்தான் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மருத்துவர் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, எந்த மாத்திரை, எத்தனை மி.கி., சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை முறை என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார்.